பாலை மலையிடுக்கிலே இரு நாட்கள்

பாலைநிலத்தில் மனிதனுக்கு மரணம் எவ்வழியில் வரும் என்று வினவினால், தாகத்தால் வரும் என்றே எவரும் விடை கூறுவர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலுள்ள பாலையை அறிந்தோர் மாத்திரம் சற்றுத் தயங்கி, தண்ணீராலும் வரும் என்பர். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பல இடங்களில் 10 அங்குலத்தையும் எட்டாத அந்நிலத்தில், உலர்ந்த மணலிலே நின்றுகொண்டிருந்தவர்கள் சில நிமிடங்களுக்குள் வெள்ளத்தில் அள்ளுண்டு மாண்டிருக்கிறார்கள். அங்ஙனமிருந்தும், வார இறுதி வந்தவுடன் தோளிற் கயிறும் முதுகிற் பையுமாக நண்பர் குழுக்கள் அந்நிலத்தை நாடிச் செல்கின்றன. அவர்கள் ஏன் செல்கிறார்கள், எவ்வாறு சென்று மீள்கிறார்கள், மீளாதவர் மீளாமைக்குக் காரணம் யாது என்பனவற்றை இங்கே சிறிது நோக்குவோம்.

மணல் கல்லாகிக் கல் பிளந்த கதை

யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிக்கோ என்னும் மாநிலங்கள் நான்கும் ஒரு புள்ளியிற் கூடும் இடத்தைச் சூழ்ந்து கொலராடோ மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே மாபெரும் மணற்பாலை ஒன்று இருந்தது. காற்றுக் குவித்த மணற்குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அவற்றை வேறு படிவுகள் மூடின. சுண்ணமும் இரும்புத்துருவும் பசைபோல நின்று பிணைக்க, அடியிலிருந்த மணல் இறுகிக் கல்லாயிற்று. புவிச்சரிதவியலார் இதனை நவாஹோ மணற்கல் என்பர். யூட்டாவிலுள்ள சயன் தேசியப் பூங்காவில் இதன் தடிப்பு 2000 அடிக்கும் அதிகமாகும். விவிலிய நூல் கூறும் சீயோன் மலையின் பெயரைத் தாங்கிய அப்பூங்காவின் செந்நிறச் சுவர்களில், அன்று காற்று வரைந்த சாய்கோடுகளை இன்றும் தெளிவாகக் காணலாம்.

பின்னர் இந்நிலம் மெல்ல மெல்ல மேலெழுந்தது. பாறையில் நெடுக்காக வெடிப்புகள் தோன்றின. மழைநீர் அவ்வெடிப்புகளைத் தன் வழியாகக் கொண்டது. தெளிந்த நீர் கல்லை அறுப்பதற்கு எல்லையற்ற காலம் வேண்டும். ஆனால், இந்நிலத்து வெள்ளமோ மணலையும் கூழாங்கல்லையும் மரக்கட்டைகளையும் வாரிக்கொண்டு வருவது. அரம் இரும்பைத் தேய்ப்பது போல அது பாறையைத் தேய்த்தது. பக்கங்களைக் கரைத்து அகட்டுவதற்கு ஓயாத மழையில்லை. அடியை அறுப்பதற்கு எப்போதாவது வரும் வெள்ளம் உண்டு. ஆகவே அகலம் வளராது ஆழம் மாத்திரம் வளர்ந்தது.

இவ்வாறு உண்டானவையே ஆங்கிலத்தில் 'சிலொட் கன்யன்' எனப்படும் மலையிடுக்குகள். இரு கைகளையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் விரல்களிற் படும். தலையை நிமிர்த்தினால் நூறு அடிக்கு மேலே வானம் ஒரு நீல நாடாவாகத் தெரியும். வளைந்து நெளிந்த சுவர்களிலே பட்டுப் பட்டு இறங்கும் சூரிய ஒளி, மேலே பொன்னிறமாகவும் நடுவே செம்மையாகவும் அடியிலே ஊதாவாகவும் மாறுகின்றது. அங்கு நுழைந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பர், அது வியப்பன்று.

இவ்விடுக்குகள் எல்லாம் ஒரே அளவினவல்ல. சயன் பூங்காவில் வேர்ஜின் ஆறு ஓடும் 'நரோஸ்' என்னும் பகுதியில், 1000 அடி உயரமான சுவர்களுக்கிடையே அகலம் சில இடங்களில் 20 முதல் 30 அடிதான். யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள பக்ஸ்கின் இடுக்கு ஏறக்குறைய 15 மைல் நீளமானது. உலகின் மிக நீண்ட மலையிடுக்குகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. நவாஹோ மக்களின் நிலத்திலுள்ள அன்டிலோப் இடுக்கு, படம் பிடிப்போர் உலகெங்கிலுமிருந்து தேடிவரும் இடமாகும். அதன் மேற்பகுதிக்கு நவாஹோ மொழியில் வழங்கும் பெயருக்கு, நீர் பாறைகளினூடே ஓடும் இடம் என்பது பொருள். ஒளியையும் நிறத்தையும் கண்டு வியந்து நிற்கிறோம் நாம். அந்நிலத்திற்குரிய மக்களோ நீரை முன்வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். வாசகர்கள் இப்பெயரைச் சிறிது நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

வெள்ளிக்கிழமை மாலை

நடந்தே காணக்கூடிய இடுக்குகள் பல உண்டு. கயிறின்றிக் கடக்கவியலாதவை அவற்றினும் பல. அவற்றுள் மேலிருந்து இறங்கி, நீந்தியும் தவழ்ந்தும் கீழ்வாயில் வழியே வெளிவரும் முயற்சியைக் 'கன்யனியரிங்' என்பர். இதற்குப் புறப்படும் ஐந்தாறு நண்பர்களை மனக்கண்முன் நிறுத்தி, நாமும் கற்பனையில் அவர்களைத் தொடர்வோம்.

லாஸ் வேகாஸ் நகரிலிருந்து சயன் பூங்காவுக்கு ஏறக்குறைய 160 மைல். வெள்ளி மாலை அலுவல் முடிந்து புறப்பட்டால் இரவுணவு வேளைக்குப் பூங்காவின் அயலை அடைந்துவிடலாம். கூடாரம் அடித்தபின் முதல் வேலை, கருவிகளை நிலத்திலே பரப்பி ஒவ்வொன்றாகப் பார்ப்பது. இறங்கவேண்டிய உயரத்தைப் போல இரு மடங்கு நீளமான கயிறு, இடையிலும் தொடையிலும் பூட்டும் கச்சை, கயிற்றை இறுக்கி இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உலோகக் கருவி, கொக்கி வளையங்கள், தலைக்கவசம் என்பன கட்டாயம் வேண்டும். பாலைவனத்துக்குச் செல்வோர் குளிர்காக்கும் ரப்பர் உடையை எடுத்துச் செல்வது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் வெயில் புகாத இடுக்குகளிற் தேங்கிய நீர் கோடையிலும் உடலை விறைக்கச் செய்யும். குளிரால் விரல் மரத்தவன் முடிச்சை அவிழ்க்க இயலாது தத்தளிப்பான். வெளியே சூடு தாக்கக்கூடிய அதே நாளில், உள்ளே குளிர் கொல்லக்கூடும்.

சயன் பூங்காவில் இத்தகைய பயணத்துக்கு அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். வெள்ள அபாயம் பற்றிய எதிர்வுகூறல் அங்கே நான்கு படிகளாக வழங்கப்படுகிறது: நேரும் என்பதற்கில்லை, நேரலாம், பெரும்பாலும் நேரும், நேரும் என எதிர்பார்க்கப்படுகிறது. அனுமதிச்சீட்டு, பத்திரமாக மீள்வீர்கள் என்பதற்கு உறுதிமொழியன்று. போவதா திரும்புவதா என்னும் முடிவைப் பயணிகளிடமே அதிகாரிகள் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சிறிய செய்தியிலேதான் பின்னால் நாம் கூறப்போகும் பெரிய துயரம் அடங்கியிருக்கிறது.

கயிற்றை உருவியபின்

சனிக்கிழமை விடிவதற்குள் குழு நடக்கத் தொடங்கும். வழியிலே கருநிறப் பொருக்குப் போன்ற மண்ணை மிதிக்காது பாறைமீதே கால்வைத்துச் செல்வார்கள். அப்பொருக்கு நுண்ணுயிர்களாலும் பாசியாலும் ஆயது. காற்றில் மண் பறவாமற் காப்பது. ஒரு காலடியால் உடைந்த இடம் மீளப் பல ஆண்டுகள் செல்லும்.

இடுக்கின் வாயிலை அடைந்ததும், மரத்திலோ பாறையிலோ கட்டிய பட்டியில் வளையத்தைப் பூட்டி, கயிற்றை அதனூடே கோத்து, ஒருவர்பின் ஒருவராக இறங்குவர். எல்லோரும் இறங்கியபின் கயிற்றின் ஒரு முனையைக் கீழிருந்து இழுக்க, மறுமுனை மேலேறி, வளையத்தைக் கடந்து, சரசரவென்று கீழே விழும். அடுத்த இறக்கத்துக்கு அக்கயிறு வேண்டும். ஆதலால் இழுத்தே தீரவேண்டும். அது விழும் கணத்தில் வந்த வழி அடைபட்டுவிடுகிறது. பின்னே வழுக்குச் சுவர், முன்னே தெரியாத வளைவு. கீழ்வாயில் வழியே அன்றி வெளியேற வழியில்லை. மலையேறுவோன் பாதி வழியிலும் மனம் மாறித் திரும்பலாம். இங்கு அவ்வசதி முதற்கயிற்றோடு தீர்ந்துவிடுகிறது.

உள்ளே ஒருவர் இன்றேல் மற்றவர் இல்லை. சுவர்கள் ஒடுங்கும் இடத்தில் முதுகை ஒரு பக்கமும் பாதங்களை மறுபக்கமும் ஊன்றி, நிலத்தைத் தொடாமலே நகர்வார்கள். வெள்ளம் சுழன்று குடைந்த கற்குழிகள் ஆங்காங்கே உண்டு. கிணறு போன்ற அக்குழிகளில் நீர் குறைந்திருந்தால், வழவழப்பான விளிம்பைக் கை எட்டாது. தனியாக விழுந்தவன் நீந்தி நீந்திக் களைக்க வேண்டியதே. குழுவாயின், ஒருவர் தோளில் ஒருவர் ஏறி விளிம்பைப் பற்றுவார். அதுவும் எட்டாவிடில், மணல் நிறைத்த பையைக் கயிற்றிற் கட்டி விளிம்புக்கு அப்பால் எறிந்து, அதன் பாரத்தைப் பிடிப்பாகக் கொண்டு ஒருவரை மேலேற்றுவார்கள். ஏறியவர் மற்றவர்களை இழுத்தெடுப்பார்.

அச்சத்துக்கிடையே அழகும் ஓய்வதில்லை. ஈரம் கசியும் சுவரில் பன்னங்கள் தொங்குகின்றன. பாறை நிறத்தோடு ஒன்றிய சிறு தவளை கைபட்டதும் துள்ளுகிறது. வெயில்படும் மேற்பாறைக் குழிகளிலே வாழும் ஒருவகை நுண்ணிறால்களின் முட்டைகள், நீர் வற்றியபின் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்து, மழை பெய்தவுடன் பொரித்து உயிர்பெறுகின்றன. நீருக்காகக் காத்திருக்கவும் நீர் வந்தவுடன் விரைந்து வாழவும் அச்சிற்றுயிர்கள் கற்றிருக்கின்றன.

கண்காணா மழை

பக்ஸ்கின் இடுக்கில் நடப்போர், தலைக்கு மேலே வெகு உயரத்தில் இரு சுவர்களுக்கும் குறுக்காகச் சிக்கிக் கிடக்கும் மரக்கட்டைகளைக் காண்பர். அவற்றை அங்கு கொண்டுபோய் வைத்தது வெள்ளமே. அவ்வுயரம் வரை நீர் நிறைந்து ஓடிய நாளொன்று இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இந்நிலத்தின் பெரும்பகுதி வெறும் பாறை. மழையை உறிஞ்சும் மண்ணும் மரமும் அங்கு அரிது. சூலை முதல் செப்டெம்பர் வரை பிற்பகல்களில் இடிமழை திடீரெனக் கொட்டும். பல சதுர மைல் பரப்பில் விழுந்த நீர் அத்தனையும் ஓடிவந்து, சில அடி அகலமான ஒரு வாயினுள்ளே புகவேண்டும். அம்மழை இடுக்கின்மேல் பெய்யவேண்டுமென்பதில்லை. மேல்நிலத்தில் எங்கோ பெய்தாற் போதும். உள்ளே நிற்பவன் தன் தலைக்குமேல் காணும் நீல நாடா தெளிந்தே இருக்கலாம். அவனுடைய விதியை எழுதும் வானம் அவன் காணாத வானமாகும்.

1997 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12 ஆம் திகதி, அன்டிலோப் இடுக்கின் கீழ்ப்பகுதியில் உல்லாசப் பயணிகள் சிலர் இருந்தனர். இடுக்கில் மழை மிகச் சிறிதே. ஆனால் பல மைல் தொலைவில், நீர் வரும் வழியின் மேற்பகுதியிலே இடிமழை கொட்டியிருந்தது. அவ்வெள்ளம் வந்து 11 பேரைக் கொண்டுபோயிற்று. இறந்தோருட் பெரும்பாலோர் பிரான்ஸ் நாட்டவர். அள்ளுண்டவருள் வழிகாட்டியாக வந்த ஒருவர் மாத்திரமே உயிர் பிழைத்தார். அப்போதிருந்த மர ஏணிகளுக்குப் பதிலாகப் பாறையிற் பூட்டிய இரும்புப் படிகள் பின்னர் அமைக்கப்பட்டன. இன்று நவாஹோ வழிகாட்டியின்றி எவரும் அங்கு செல்லவியலாது. நீர் பாறைகளினூடே ஓடும் இடம் என்று முன்னோர் இட்ட பெயர் ஓர் எச்சரிக்கை என்பது அத்துயரத்தின்பின் உலகுக்குப் புலனாயிற்று.

2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14 ஆம் திகதி நேர்ந்தது இதனினும் நெஞ்சை உறுத்துவது. சயன் பூங்காவிலுள்ள கீஹோல் என்னும் இடுக்கு மிகச் சிறியது, சில மணி நேரத்திற் கடந்துவிடக்கூடியது, புதியவர்களும் செல்வது. ஆண்களும் பெண்களுமாக நண்பர்கள் எழுவர் அன்று காலை அதற்கு அனுமதி பெற்றனர். அன்றைய எதிர்வுகூறல் மூன்றாம் படி, அதாவது வெள்ளம் பெரும்பாலும் நேரும் என்பது. அது அவர்களுக்கும் அறிவிக்கப்பட்டிருந்தது. பிற்பகலில் வெள்ள எச்சரிக்கை வெளிவந்ததும் பூங்கா அதிகாரிகள் இடுக்குகளை மூடினர். ஆனால் ஏற்கெனவே புறப்பட்டுச் சென்றோரை எட்டும் வழி எதுவும் இல்லை. கல்லிடுக்கினுள் கைப்பேசியும் ஊமையாகும். அன்று வேர்ஜின் ஆற்றின் வடகிளையில் நொடிக்கு 55 கன அடியாக இருந்த நீரோட்டம், 15 நிமிடங்களில் 2630 கன அடியாக உயர்ந்தது. எழுவரும் மாண்டனர். அதே நாளில், அயலிலுள்ள ஹில்டேல் என்னும் சிற்றூரில் இரு வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. அவற்றிலிருந்த பெண்களும் பிள்ளைகளுமாகிய 16 பேரில் 13 பேர் உயிரிழந்தனர்.

இச்செய்தியைப் படிக்கும்போது, மாண்டோரை மூடர் என்று பழிப்பது எளிது. நாம் அவ்வாறு கூறோம். பல நாள் திட்டமிட்டு, விடுப்பெடுத்து, நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்து, கையில் அனுமதிச்சீட்டும் வைத்திருக்கும் ஒரு குழுவில், காலை வேளையில் வானம் வெளிறித் தெளிந்திருக்கும்போது, இன்று வேண்டாம் என்று முதலிற் சொல்பவர் யார்? நண்பர்களின் மகிழ்ச்சியைக் கெடுப்பவர் என்ற பெயரை ஏற்க யாருக்கு மனம் வரும்? ஒவ்வொருவரும் மற்றவரின் துணிவை நம்பித் தம் அச்சத்தை மறைத்துக்கொள்வது மனித இயல்பு. குழுவின் பலமே குழுவின் பலவீனமாகும் இடம் இது.

தனியே சென்றவர்

குழு இவ்வாறு தவறக்கூடுமாயின், தனியே செல்வது நலமோ எனின், அதற்கும் ஒரு வரலாறு விடை கூறுகிறது. 2003 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, ஆரன் ரால்ஸ்டன் என்னும் 27 வயது இளைஞர் யூட்டாவிலுள்ள புளூஜோன் இடுக்கில் தனியே இறங்கினார். எங்கே செல்கிறார் என்பதை எவரிடமும் சொல்லவில்லை. வழியில் ஒரு பாறை அசைந்து விழுந்து, அவருடைய வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. அதன் நிறை ஏறத்தாழ 800 இறாத்தல். எமது பழைய கணக்கில் ஏழு அந்தர். தள்ளியும் செதுக்கியும் கயிறு கட்டி இழுத்தும் அது அசையவில்லை. கொண்டுவந்த சிறிதளவு நீரும் தீர்ந்தது.

அவர் வேலைக்கு வராமையால் நண்பர்களும் தாயாரும் ஐயுற்று அதிகாரிகளுக்கு அறிவித்தனர். ஆனால், அப்பெரும் பாலையில் எங்கே தேடுவது? ஆறாம் நாளாகிய மே முதலாம் திகதி, அவர் தம் முன்கை எலும்புகளைத் தாமே முறித்து, மழுங்கிய சிறு கத்தியாற் கையை அறுத்து விடுபட்டார். பின்னர் ஒற்றைக் கையால் கயிற்றிற் தொங்கி 60 அடிக்கு மேல் இறங்கி, பல மைல் நடந்து, வழியில் ஓர் ஒல்லாந்துக் குடும்பத்தினரைக் கண்டார். அவரைத் தேடிவந்த ஹெலிகொப்டர் அதன்பின் அவரை ஏற்றிச் சென்றது. அவர் சிக்கியிருந்த காலம் 127 மணித்தியாலம். அதுவே 2010 இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயராயிற்று. அப்படத்துக்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான் என்பதால் எம்மவர் பலரும் அக்கதையை அறிவர்.

ரால்ஸ்டனின் மனத்திண்மையை உலகம் புகழ்ந்தது, அது புகழத்தக்கதே. எனினும் அக்கதையிற் குடும்பத்தினர் கவனிக்கத்தக்கது வேறொன்று. இன்ன இடுக்கு, இன்ன நேரம் என ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்திருந்தால், தேடுவோர் நேரே அங்கு சென்றிருப்பர். தாய் மகனைத் தேட முனைந்தபோது, அவளுக்குத் தேவைப்பட்டது ஓர் இடத்தின் பெயரே.

திரும்பத் தெரிந்தவர்

அழகையும் ஆபத்தையும் பிரித்து, ஒன்றை மாத்திரம் கொள்ள இங்கு இயலாது. சுவரை வளைத்துச் செதுக்கிய நீரே உயிரையும் பறித்த நீர். ஆதலால், அறிந்தோர் செய்வது அந்நீரைப் பற்றி முன்கூட்டியே சிந்திப்பது. இடுக்கின் வாயிலை மாத்திரம் பாராது, அதற்கு நீர் தரும் நிலம் முழுவதன் வானிலையையும் விசாரிப்பார்கள். இடிமழைக் காலத்தில் விடியலிலே நுழைந்து நண்பகலுக்குள் வெளியேறுவார்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, தொலைவில் இரைச்சல் எழுந்தாலோ, பையை எறிந்துவிட்டு உயர்ந்த இடத்துக்கு ஏறுவார்கள். எனினும் வழவழத்த சுவரில் ஏற இடம் எங்கும் கிடைப்பதில்லை. கயிற்றை உருவியபின் எடுக்கும் முடிவுகளைவிட, உருவுமுன் எடுக்கும் முடிவுகளே உயிரைக் காப்பவை.

ஆகவே நல்ல குழுக்களில் ஓர் உடன்பாடு உண்டு. அறுவரில் ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் கேளாமல் அறுவரும் திரும்பவேண்டும். அந்த ஒருவரைப் பின்னர் எவரும் எள்ளுதல் கூடாது. ஆறுதலாகத் தேநீர் வைத்துக் குடித்துவிட்டு, வேறொரு வார இறுதியைக் குறித்துக்கொண்டு மீளுவார்கள். மலையிடுக்கு 18 கோடி ஆண்டுப் பாறையில் அமைந்தது. அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். இளைஞரை வழியனுப்பும் பெற்றோர், துணிவாயிரு என்று சொல்வதோடு, திரும்பிவர வெட்கப்படாதே என்றும் சொல்லியனுப்புதல் நன்று.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நாம் தொடர்ந்துவந்த நண்பர்கள் கீழ்வாயில் வழியே வெயிலுக்கு வருகிறார்கள். முழங்கால்கள் உரசிச் சிவந்திருக்கின்றன, காலணிக்குள் மணல். ஈரக்கயிற்றைச் சுருட்டிப் பைகளில் வைத்து, வாகனம் நிறுத்திய இடத்தை அடைந்ததும், முதலில் ஒருவர் கைப்பேசியை எடுக்கிறார். எழுதிவைத்துச் சென்ற நேரத்துக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. "எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்" என்கிறார். அவ்வொரு வாக்கியத்தோடுதான் இடுக்குப் பயணம் முற்றுப்பெறுகின்றது.